பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

ஆய்வுக் கட்டுரையை அச்சுக்குத் தயார் செய்வது பற்றிப் இதழுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். மார்ஜின் எவ்வளவு விடுவது, அட்டவணைக்குத் தலைப்பு மேலே வருமா கீழே வருமா, மேற்கோள் பட்டியலில் ஆண்டை எங்கே போடுவது என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. கொஞ்ச நாளில் கைக்குப் பழகிவிடும். பழகவில்லை என்றால் நீங்கள் வேறு வேலை தேடிக்கொள்வது நமக்கும் நல்லது, கட்டுரைகளுக்கும் நல்லது. நான் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. கட்டுரையின் உச்சியில், தலைப்புக்குக் கீழே, எழுதியவர் பெயர் ஒரு வரியில் வருமே, புரூஃப் பார்க்கிறவர்கள் யாரும் இரண்டாம் முறை படிக்காத வரி, அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்த வரியை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

எழுபதுகளின் கடைசியில் டில்லியில் ஒரு மண்ணியல் ஆராய்ச்சி இதழில் உதவி எடிட்டராக இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஆங்கில இதழ். அலுவலகம் என்றால் ஒரே அறைதான். எடிட்டர், நான், ஒரு டைப்பிஸ்ட், கூரையைத் தொடும் அளவுக்குக் கட்டுரைக் கட்டுகள். எடிட்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் பெயர் இங்கே வேண்டாம். எங்களுக்கு அவர் சார், அவ்வளவுதான்.

சார் எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவரைத் தப்பாக நினைப்பீர்கள். ஒருமுறை பஞ்சாபிலிருந்து ஒரு பேராசிரியர் கட்டுரை அனுப்பியிருந்தார். அட்டவணையில் ஒரே ஓர் எண் மட்டும் மற்ற எண்களோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. தசமப் புள்ளி இடம் மாறிவிட்டது என்று டைப்பிஸ்டும் நானும் அடித்துச் சொன்னோம். அச்சகத்திலிருந்து போன் மேல் போன். சார் அசையவில்லை. எழுதியவருக்கு டிரங்க் கால் போட்டார், கிடைக்கவில்லை. தந்தி கொடுத்தார். இதழ் தாமதமாகி, மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் பதில் வந்தது. எண் சரிதான், அந்த ஒரு வயலில் மட்டும் ஏன் அப்படி வந்தது என்பதுதான் கட்டுரையே என்று அந்தப் பேராசிரியர் சொல்லிவிட்டார். "நம்மளுது இல்லாததை நாம தொடக்கூடாதும்மா. சந்தேகம்னா கேளு. கேக்கறதுக்கு வெக்கப்படாதே" என்றார் சார். அப்படிப்பட்ட மனிதர்.

பெயர் விஷயத்திலும் அவர் பிடிவாதக்காரர். டில்லியில் நம் ஆட்களுக்குப் பெயரால் வரும் தொல்லை உங்களுக்கும் தெரியும். பால் டிப்போவிலிருந்து பள்ளிக்கூடம் வரை "சர்நேம் க்யா ஹை?" என்று குடும்பப் பெயரைக் கேட்பார்கள். இல்லை என்று சொன்னால், ஏதோ மறைக்கிறோம் என்பதைப்போல மேலும் கீழும் பார்ப்பார்கள். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் தயாரித்த ஒரு பெயர் அட்டவணையில், கோவில்பட்டிக்காரர் ஒருவர், இனிஷியலைச் சர்நேம் என்று எடுத்துக்கொண்டதால், தன் அப்பாவின் பெயரில் போய் உட்கார்ந்திருந்தார். அவருடைய கட்டுரைகளுக்கெல்லாம் அப்பாதான் சொந்தக்காரர். சார் வந்த பிறகு அதையெல்லாம் ஒழித்தார். நம் ஊர்ப் பெயர்கள் நம் ஊர் வழக்கப்படியே, முன்னால் இனிஷியலோடு, இருக்கவேண்டும் என்று சண்டை போட்டு விதியை மாற்றினார். அவர் கையாலேயே அந்தத் தப்பு நடந்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டி. மைதிலி என்று ஒரு பெண். கோயம்புத்தூர்க் குடும்பம். அப்பா துரைசாமி மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் டில்லிக்கு வந்தவர். மைதிலி இங்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக உதவித்தொகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புப் பூத்துப்போன நிலத்தை ஜிப்சம் போட்டு மறுபடி விளைநிலமாக்குவது பற்றித்தான் ஆராய்ச்சி. முதல் பாகத்தை நாங்கள் போட்டோம். ஜிப்சம் போட்டால் உப்பு இறங்கிவிடுகிறது என்று அதில் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகும் அதே வயல்களை விடாமல் பார்த்திருக்கிறாள். சில இடங்களில் உப்பு திரும்பவும் மேலே ஏறிவிட்டது. இரண்டாம் பாகத்தில் அதை ஒளிக்காமல் எழுதினாள். முதல் பாகத்தின் முடிவு முழுக்கச் சரியில்லை, காரணம் இது என்று காட்டினாள். தான் சொன்னதைத் தானே திருத்திக்கொள்ளப் பெரிய பெரிய பேராசிரியர்களுக்கே மனசு வராது. எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது அதனால்தான்.

எங்கள் இதழுக்கு ஒரு நடை விதி உண்டு. கட்டுரையில் 'நான்', 'என்னுடைய' என்றெல்லாம் வரக்கூடாது. சொந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டாலும், வேறு யாரோ எழுதியதைப்போலப் பெயரும் ஆண்டும் போட்டுத்தான் சொல்லவேண்டும். மைதிலியும் விதிப்படி, 'டி. மைதிலியின் முடிவு ஏற்கத்தக்கதல்ல' என்று தன்னைப் பற்றியே எழுதியிருந்தாள். மேலே ஆசிரியர் பெயரும் டி. மைதிலி என்றிருக்கும்போது அதில் எந்தக் குழப்பமும் இல்லை.

காலி புரூஃப், அதாவது பக்கம் பிரிக்காமல் நீளமாக எடுக்கும் முதல் புரூஃப், அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அன்றே மைதிலி கல்யாணப் பத்திரிகையும் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை கார்த்திகேயன், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. சொந்தக்காரர்கள்தான். ஊரில் கல்யாணம், டில்லியில் ரிசப்ஷன். "ரெண்டு பேரும் கட்டாயம் வரோணுமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு மஞ்சள் காமாலை வந்து லக்ஷ்மிபாய் நகர் வீட்டில் படுத்துக் கிடந்ததால் என்னால் போக முடியவில்லை. சார் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

நான் படுத்திருந்த அந்த நாட்களில்தான் பக்கப் புரூஃப் வந்திருக்கிறது. பக்கப் புரூஃபை எழுதியவருக்கு அனுப்பும் வழக்கம் கிடையாது, எடிட்டர் பார்த்தால் போதும். சார் பேனாவை எடுத்து, தலைப்புக்குக் கீழே டி. மைதிலி என்றிருந்ததை மட்டும் கே. மைதிலி என்று மாற்றிவிட்டார். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இனி அவள் கணவன் பெயர்தானே இனிஷியல். நம் வீடுகளில் அப்படித்தானே மாறுகிறது. ஒரு பஞ்சாபியோ வங்காளியோ எடிட்டராக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அவர்களுக்கு அந்த ஓர் எழுத்து மாறும் என்பதே தெரியாது. தசமப் புள்ளிக்காகத் தந்தி கொடுத்தவருக்கு இதைக் கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. கல்யாண வீட்டுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நினைத்தார்.

இதழ் வெளியாகி, கட்டுரையை மட்டும் தனியாக அச்சிட்ட ரீப்ரிண்ட் கட்டு அவள் புகுந்த வீட்டு விலாசத்துக்குப் போனது. நான் குணமாகி வேலைக்குத் திரும்பிய புதிதில் மைதிலி வந்தாள். கையில் ஒரு ரீப்ரிண்ட்.

"ஏனுங்க சார், இந்தக் கே. மைதிலி யாருங்க?"

சார் சிரித்தார். "என்னம்மா, அதுக்குள்ள வீட்டுக்காரர் பேரு மறந்துபோச்சா?"

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ரீப்ரிண்டை மேஜைமேல் விரித்து, அந்த ஒரு வாக்கியத்தில் விரலை வைத்தாள். "இதைப் படிச்சுப் பாருங்க சார். கே. மைதிலின்னு ஒருத்தி வந்து, டி. மைதிலி பண்ணுனது தப்புன்னு சொல்லுறா. படிக்கறவங்களுக்கு அப்படித்தானுங்களே தெரியும்?"

சார் படித்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரே ஓர் எழுத்து மாறியதில் ஒரு பெண் இரண்டு பெண்களாகி, ஒருத்தியை இன்னொருத்தி தள்ளிவிட்டிருந்தாள்.

"வீட்டுல நான் கே தானுங்க. ரேஷன் கார்டுல மாத்தியாச்சு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. ஆனா நான் பண்ணுன வேலை டி பேருல இருக்குது. தீஸிஸ் அந்தப் பேருலதான் பதிவாயிருக்குது. நிரந்தர போஸ்டுக்கு இன்டர்வியூ வருது சார். உதவித்தொகை இதோட முடியுது. இது கிடைக்கலைன்னா எனக்கு லேப் இல்லீங்க."

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். இப்போதே ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், இன்டர்வியூவில் காட்டு என்றார். மைதிலி வேண்டாம் என்றாள். எடிட்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் சிபாரிசு போலத் தெரியும், இதழிலேயே திருத்தம் வந்தால் போதும் என்றாள். அடுத்த இதழ் இன்டர்வியூவுக்கு முன்னாலேயே வெளிவந்துவிடும். "அச்சா, நிச்சயம் போட்டுடறேம்மா. இது என் பொறுப்பு" என்றார் சார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே திருத்தத்தை நான் எழுத, சார் பார்த்து அச்சுக்கோர்க்க அனுப்பினார். கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டே வரி.

அந்த இரண்டு வரியும் அடங்கிய புரூஃப் மேஜையில் இருந்த ஒரு நாள் மைதிலியின் மாமனார் வந்தார். சரோஜினி நகரில் குடியிருப்பு, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, மேலே கோட்டு, கையில் ஒரு டப்பா மைசூர்பாகு. மருமகள் எங்கேயோ வெளியூர் வயலுக்குப் போயிருக்கிறாள், அதனால் தானே வந்தேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை, அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மருமகளின் கட்டுரை தம் வீட்டு இனிஷியலோடு அச்சில் வந்ததில் அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ரீப்ரிண்ட்களைத் தாமே கவரில் போட்டு ஊரிலுள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். பஸ் ஸ்டாப்பில் பார்க்கிற தமிழ் ஆட்களிடமெல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறார். உப்பு மண்ணைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும், எல்லோரும் அந்தப் பெயரைத்தான் படித்திருப்பார்கள்.

"ஏதோ திருத்தம் போடறீங்கன்னு பையன் சொன்னானுங்க. கே ங்கிறது தப்பு, டி தான் சரின்னு அச்சுல வந்துதுன்னா, அந்தப் புள்ள எங்க வீட்டுப் புள்ள இல்லைன்னு ஆயிருமுங்களே. ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நீங்களும் ரிசப்ஷனுக்கு வந்து சாப்பிட்டவரு. பெரியவங்க நாம பார்த்துப் பண்ணோணுமுங்க."

"அவங்க வேலை விஷயம் இது. இன்டர்வியூ இருக்குது" என்று நான் குறுக்கே சொன்னேன்.

"அதை நான் வீட்டுல பேசிக்கறேன்மா. கல்யாண சர்டிபிகேட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இருக்குதில்லீங்களா, எடுத்துக் காட்டுனா போச்சு."

சார் எழுந்தார். "பார்க்கலாங்க" என்று சொல்லி வாசல் வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்தவரிடம், அவங்களைக் கேட்காமல் எதுவும் பண்ணிடாதீங்க சார் என்றேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அச்சகம் தரியாகஞ்சில். கடைசிப் பக்கங்கள் அடங்கிய அச்சு ஃபாரம் மெஷினில் ஏறும்போது எங்களில் ஒருவர் போய் நிற்பது வழக்கம். அன்று போனவள் நான். முதல் தாளை எடுத்துப் பார்த்தால் கடைசிப் பக்கத்தின் அடியில் சந்தா செலுத்துவது பற்றிய அறிவிப்பு இருந்தது. திருத்தத்தைக் காணோம். போர்மேன் சர்தார்ஜியைக் கேட்டேன். "சாஹப் நே ஹட்வா தியா, மேடம்ஜி" என்றார். சார் காலையிலேயே போன் செய்து எடுக்கச் சொல்லிவிட்டாராம்.

அங்கிருந்தே போன் போட்டேன். மெஷின் சத்தத்தில் கத்தவேண்டியிருந்தது.

"அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா சார்?"

"லேப்ல இல்லைம்மா. அவ மாமனார் அவகிட்டச் சொல்லிடறேன்னு சொல்லியிருக்கார். குடும்பத்துல பிரச்சினை ஆயிடக்கூடாது பாரு. அடுத்த இதழ்ல நிதானமா வேற மாதிரி எழுதிப் போடுவோம்."

"இன்டர்வியூ அதுக்கு முன்னாடி சார். நிறுத்திடச் சொல்லட்டுமா?"

சர்தார்ஜி என் பக்கம் வந்து, "ஜல்தி போலியே மேடம்ஜி, காகஸ் சட் கயா ஹை" என்றார். தாள் ஏற்றியாகிவிட்டது, சீக்கிரம் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தினார். சார் அந்தப் பக்கம், "ஓட விடு" என்றார். எடிட்டர் அவர், இதழ் அவருடையது. மெஷின் ஓடியது.

மைதிலியின் லேபுக்கு நான் போன் செய்தேன். கர்னால் பக்கம் வயலுக்குப் போயிருப்பதாகவும் இன்டர்வியூவுக்குத்தான் திரும்புவாள் என்றும் யாரோ ஹிந்தியில் சொன்னார்கள். திருத்தம் வரவில்லை, வேறு சான்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்தேன். அது அவளிடம் போய்ச் சேரவில்லை. மாமனார் நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தார், சமயம் வரவில்லை. என் பங்குக்கு நான் சொல்லிவிட்டேன் என்று என்னைச் சமாதானம் செய்துகொள்ளலாம். அதனால் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைத்ததில்லை.

இன்டர்வியூ முடிந்த மறுநாள் மைதிலி வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடந்ததை மட்டும் நிதானமாகச் சொன்னாள்.

"உங்க முதல் கட்டுரை முடிவை இன்னொருத்தர் மறுத்திருக்காங்களே, என்ன சொல்றீங்கன்னு இன்டர்வியூ எடுத்தவரு கேட்டாருங்க. அந்த இன்னொருத்தரும் நாந்தான்னு சொன்னேன். கல்யாணம் ஆச்சு, எழுத்து மாறிப்போச்சு, புது இதழ்ல திருத்தம் வந்திருக்குதுன்னேன். புது இதழ் அவரு மேஜைமேலயே இருந்துதுங்க. எடுத்துப் புரட்டுனாரு. கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டுனாரு. மூடி வெச்சுட்டு, சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்னாரு."

டைப்பிஸ்ட் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"கல்யாண சர்டிபிகேட்டை எடுத்துட்டுப் போயிருக்கலாமேம்மா" என்றார் சார்.

"நீங்க நிச்சயம் போடறேன்னு சொன்னீங்களே சார். அதுக்கப்புறம் எதுக்குங்க சர்டிபிகேட்டு?"

சார் எழுந்து நின்றார். என்னை மன்னிச்சிரும்மா என்றார். தன்னைவிட அத்தனை வயது பெரியவர் எழுந்து நிற்பதைப் பார்த்து அவளும் எழுந்துவிட்டாள். "பரவாயில்லீங்க சார்" என்றாள். பரவாயில்லை என்று சொல்ல அங்கே எதுவுமே இல்லை.

சார் அன்றே ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்த் தலைவரைப் பார்த்துத் தப்பு தன்னுடையது என்று சொன்னார். மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டார்கள். உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது, வேறு ஒருவருக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள். அடுத்த இதழில் திருத்தம் முதல் பக்கத்திலேயே வந்தது. அதற்குள் மைதிலியின் உதவித்தொகை முடிந்து, அவளுடைய மேஜையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சார் மட்டும் அதன் பிறகு பழைய சார் இல்லை. ஒவ்வொரு பக்கப் புரூஃபையும் எழுதியவருக்கு அனுப்பச் சொன்னார், பெயர் வரியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு. நீங்கள் இன்றைக்கும் அந்தப் புரூஃபை அனுப்பிப் பதில் வரக் காத்திருக்கிறீர்கள், ஏன் இத்தனை தாமதம் என்று முணுமுணுக்கிறீர்கள். அந்த வழக்கம் இந்தப் பெண்ணால் வந்தது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். சந்தேகம் வந்தால் கேட்பது பெரிய விஷயமில்லை, எல்லோரும் கேட்பார்கள். எதில் நமக்குச் சந்தேகமே வரவில்லையோ, நம் வீட்டு வழக்கம் என்று எதை யோசிக்காமல் எழுதுகிறோமோ, அங்கேதான் நாம் பிறர் பிழைப்பில் கை வைக்கிறோம். சார் நல்லவர், அந்த மாமனார் நல்லவர், இருவரும் அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். அதனால்தான் என்னால் யார் மேலும் கோபப்படக்கூட முடியாமல் போய்விட்டது.

எண்பதுகளின் நடுவில், சார் ஓய்வு பெற்று நான் அவர் நாற்காலிக்கு வந்த பிறகு, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மைதிலியைப் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடையாளம் கண்டு அவளே அருகில் வந்து பேசினாள். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருக்கிறாளாம். மாமனார் தவறிவிட்டாராம். அந்த உப்பு வயல்களைப் பற்றிக் கேட்டேன். கர்னாலில் இன்னும் சிலவற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகவும், கடைசியாக எடுத்த அளவுகளெல்லாம் வீட்டிலேயே இருப்பதாகவும் சொன்னாள்.

"எழுதி அனுப்புங்க. நான்தான் இப்ப எடிட்டர். பேரை எப்படிப் போடணும்னு நீங்க சொல்லுங்க, அப்படியே போடறேன்" என்றேன்.

முருங்கைக்காயைப் பையில் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில், கொஞ்சம் ஆச்சரியம் மட்டும் இருந்தது.

"இப்பத்தானுங்க மேடம் ஒருத்தர் என்னைக் கேக்கறாங்க" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு தபாலிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுரை வரவில்லை.